ஆழமில்லாத கடலும் தூத்துக்குடியும்

மப்பை விரிச்சு வச்சு வவுனியா டவுனில இருந்து நேரா மேற்கால ஒரு கோடு கீறிப் பாருங்கோ. கோடு காட்டைத் தாண்டி சிலாவத்துறை, அரிப்புப் பக்கத்தால கடலுக்க இறங்கி, மன்னார் வளைகுடாவைக் கடந்து தூத்துக்குடியிலதான் போய்க் கரையேறும். ரெண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே அகலக்கோட்டில இருக்கு, இடையில ஒரு 260 கிலோமீற்றர், வவுனியாவில இருந்து கொழும்புக்கு றோட்டால போற தூரமும் ஏறக்குறைய அதுதான். இவ்வளவு கிட்ட இருக்கிற ஊரைப் பற்றி எங்கட பக்கத்து ஆக்களைக் கேட்டா வ.உ.சி. செக்கிழுத்தது, 2018ல பொலிஸ் சுட்டது, யூரியூப்பில வாற மக்ரூன் வீடியோ, இவ்வளவுதான் வரும், கொஞ்சம் வயசான ஆக்களெண்டா பனிமய மாதா கோயிலையும் சேர்த்துச் சொல்லுவினம்.

நான் வாசிச்சு விளங்கின அளவில அந்த ஊரின்ர முழுக்கதையும் ஒரே விசயத்தில நிக்குது. அந்தக் கடல் ஆழமில்லை. முத்தும் சங்கும் பவளப்பாறையும் கிடைச்சதும் அதாலதான், பெரிய கப்பல் கரைக்கு வரேலாம முந்நூறு நானூறு வருசமா கொழும்பின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்கவேண்டி வந்ததும் அதாலதான். சேது சமுத்திரக் கால்வாய் எண்டு வருசக்கணக்கா சண்டை பிடிச்சதும் அதே ஆழமில்லாத கடலை வெட்டுறதா விடுறதா எண்டுதானே.

பழைய கதையில தூத்துக்குடி முதல்ல வராது, கொற்கைதான் வரும். பாண்டியரின்ர முத்துத் துறைமுகம், சங்க இலக்கியத்தில எல்லாம் பேர் இருக்கு. இப்ப போய்ப் பாத்தா கொற்கை கடலில இருந்து சில கிலோமீற்றர் உள்ளுக்க ஒரு சின்னக் கிராமம், வாழையும் வயலும்தான். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டின மண் கடலைத் தள்ளித் தள்ளி விட்டுட்டுது. துறைமுகமும் மண்ணுக்குப் பயந்து இடம் மாறிக்கொண்டே இருந்தது, கொற்கை போய் பழைய காயல் வந்தது, 13ம் நூற்றாண்டு முடியிற நேரம் மார்க்கோ போலோ வந்து எழுதினது அந்தக் காயலைப் பற்றித்தான், பிறகு புன்னைக்காயல், அதுக்குப் பிறகுதான் ஆத்து வாயில இருந்து விலகி வடக்கால இருந்த தூத்துக்குடி தலை தூக்கினது. அங்க முன்னுக்கு சின்னச் சின்னத் தீவுகள் இருக்கு, அலை அடக்கம், தோணி நிக்க நல்ல இடம்.

முத்துக் கதை எங்கட கதையும்தான், அதால கொஞ்சம் நிண்டு சொல்லுறன். முத்துச்சிப்பி இருக்கிற கடலடித் திட்டைப் பார் எண்டுதான் சொல்லுறது, ரெண்டு பக்கத்திலயும் அதே சொல்தான். அஞ்சாறு பாகத்தில இருந்து பத்துப் பாகம் வரைக்கும் ஆழம் (ஒரு பாகம் ஆறடி), ஆள் மூச்சடக்கிப் போய் வரக்கூடிய ஆழம். குளிக்கிறவர் கயித்தில கட்டின கல்லில காலை வச்சு இறங்குவார், இடுப்பில இல்லாட்டி கழுத்தில ஒரு வலைப்பை, கையால அள்ளிப் போட்டுட்டு கயித்தை ஆட்டினா மேல நிக்கிறவர் இழுக்கோணும். கயிறு பிடிக்கிறது எப்பவும் சொந்தக்காரனோ நம்பிக்கையான ஆளோதான், உயிர் அவன்ர கையில எல்லோ. சுறா வராம மந்திரம் சொல்லிக் கட்டுறதுக்கு கடல்கட்டி எண்டு ஒரு ஆள், அவருக்குச் சம்பளம் கொடுத்தது அரசாங்கம், வெள்ளைக்காரன் அதை நம்பாட்டியும் கடல்கட்டி இல்லாம ஒருத்தரும் இறங்க மாட்டினம் எண்டு தெரிஞ்சு கொடுத்துக்கொண்டுதான் இருந்தவன்.

அரிப்பு எண்ட ஊரில இடிஞ்சு கடலுக்க சரிஞ்சுகொண்டு நிக்கிற அந்த பங்களா, பிரிட்டிஷ் ஆளுநர் நோர்த் 1800களின்ர தொடக்கத்தில கட்டினது, முத்துக்குளிப்பைப் பாக்கத்தான். சீசன் தொடங்கினா அந்தப் பொட்டல் வெளியில ஆயிரக்கணக்கில சனம் வந்து கொட்டில் போடும், தூத்துக்குடியில இருந்தும் கீழக்கரையில இருந்தும் குளிக்கிற ஆக்கள் வள்ளத்தோட வந்து இறங்குவினம். சிப்பியில மூண்டில ஒரு பங்கு குளிச்சவைக்கு, மிச்சம் ரெண்டு பங்கு அரசாங்கத்துக்கு, அதை ஆயிரக்கணக்கில எண்ணி ஏலம் விடுவினம். ஏலம் எடுத்தவன் சிப்பியை அழுக விட்டுத்தான் முத்தைப் பொறுக்கோணும், அந்த நாத்தமும் இலையானும் கன மைலுக்கு அப்பாலும் தெரியும் எண்டு வந்து பாத்தவையெல்லாம் எழுதியிருக்கினம். 1906ல இலங்கைப் பக்கத்துப் பார்களை லண்டன் கொம்பனி ஒண்டுக்கு 20 வருசக் குத்தகைக்குக் குடுத்தவை, கொஞ்சக் காலத்திலயே அது படுத்திட்டுது. அங்கால தூத்துக்குடியில 1961 வரைக்கும் விட்டு விட்டு நடந்தது, அதோட முடிஞ்சுது. 1973ல அங்க இருக்கிற மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்து ஆக்கள் சிப்பிக்குள்ள செயற்கையா முத்து விளைய வச்சுக் காட்டினவை, ஆனா அது யப்பான் மாதிரி ஒரு பெரிய தொழிலா வரேல்லை.

சங்கு மட்டும் இண்டைக்கும் இருக்கு, தூத்துக்குடியில சங்கு குளிக்கிற ஆக்கள் இப்பவும் கடலுக்கப் போகினம், அந்தச் சங்கு வங்காளத்துக்குப் போய் கலியாணப் பெண்ணுகளின்ர வளையலாகும்.

இந்த முத்துதான் மதத்தையும் மாத்தினது. 1530களில பரதவருக்கும் முத்து வியாபாரத்தில இருந்த முஸ்லிம் ஆக்களுக்கும் இடையில சண்டை முத்தி, பரதவர் கொச்சியில இருந்த போத்துக்கேயரிட்டப் பாதுகாப்புக் கேட்டவை, பாதுகாப்புக்கு விலை ஞானஸ்நானம். கரையோரம் முழுக்க ஊர் ஊரா மாறினது, சவேரியார் வந்து இறங்கினது அதுக்குப் பிறகு, 1542ல. அவர் அந்தக் கரையில இருந்த காலத்திலதான் மன்னாரிலயும் சனம் மாறி, 1544ல சங்கிலி மன்னன் ஆள் அனுப்பி நூற்றுக்கணக்கில வெட்டின கதை நடந்தது, மன்னார்ச் சனத்துக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

1658ல ஒல்லாந்தர் ஒரே வருசத்தில தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் மூண்டையும் போத்துக்கேயரிட்ட இருந்து பிடிச்சவை. அதுக்குப் பிறகு தூத்துக்குடியை ஆண்டது கொழும்பில இருந்த ஒல்லாந்த ஆளுநர். எனக்கு இதை வாசிக்கேக்க கொஞ்சம் சிரிப்பு வந்தது, தமிழ்நாட்டு ஊர் ஒண்டுக்கு நூறு வருசத்துக்கு மேல தலைமை அலுவலகம் கொழும்பில! ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ரெண்டு கரையிலயும் நெருக்கினவை, மருத மடு மாதாவை மாந்தையில இருந்து காட்டுக்குள்ள கொண்டுபோனதும் அந்த நெருக்கடியிலதான். 1687ல யோசப் வாஸ் அடிகளார் கூலிக்காரன் வேசத்தில ஒளிச்சு இலங்கைக்கு வந்தவர் எண்டு படிச்சிருப்பியள், அவர் கப்பலேறினது தூத்துக்குடியில. 2015 தை மாசம் பாப்பரசர் கொழும்பில வச்சு அவரைப் புனிதராக்கிப் போட்டு அண்டைக்கே மடுவுக்கும் வந்தவர். அங்க பனிமய மாதா கோயில் திருவிழா ஓகஸ்ட் 5, சில வருசங்களில பொன் தேர் இழுப்பினம், எங்கட மடுத் திருவிழா ஓகஸ்ட் 15, பத்து நாள்தான் வித்தியாசம்.

வெள்ளைக்காரன் கையில முழுசா வந்தது 1825ல. அவன் காலத்தில பஞ்சு, பிறகு ரெயின். 1876ல ரெயின் வந்து சேர்ந்த பிறகு மதராசில இருந்து தூத்துக்குடிக்கு ரெயின், அங்க இருந்து கொழும்புக்கு ராத்திரிக் கப்பல் எண்டு ஒரே ரிக்கெற்றில போகக்கூடிய மாதிரி ஆச்சு. ஆனா கப்பல் கரைக்கு வராது, ஆழமில்லை. சில மைல் தள்ளி வெளிக்கடலில நிக்கும், பயணிகளை லோஞ்சிலயும் சாமானைத் தோணியிலயும் கொண்டுபோய் ஏத்தோணும், காத்து நேரம் எண்டா சத்தி எடுத்து முடியாது. மலையகத் தோட்டங்களுக்குப் போன சனத்தில ஒரு பெரிய பங்கு இந்த வழியாலதான் போனது, ஊருக்குக் கிட்ட தட்டப்பாறையில முகாம் போட்டு மறிச்சு வச்சு நோய் பாத்துத்தான் அனுப்பினவை. 1958லயும் 1977லயும் கலவரத்தில அடிபட்டு கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் வந்து காடு வெட்டிக் குடியிருந்த மலையக ஆக்களின்ர பூட்டன் பூட்டியைத் தேடிப் போனா, கன பேருக்கு திருநெல்வேலிச் சீமையும் இந்தத் தூத்துக்குடித் தோணியும்தான் வரும்.

அந்த கொழும்புப் பாதையில முழுக் காசும் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கொம்பனிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. வ.உ.சிதம்பரம்பிள்ளை கை வச்சது அதில. ஒட்டப்பிடாரத்துக்காரர், தூத்துக்குடியில வக்கீல். 1906 ஒக்டோபரில சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிஞ்சவர், 10 லட்சம் ரூபா மூலதனம், 25 ரூபாப் பங்கு 40,000. முதல்ல வாடகைக்குக் கப்பல் எடுத்தா குடுத்தவனை மிரட்டி நிப்பாட்டினவை, பிறகு கொழும்பில இருந்தே ஒரு கப்பலை வாடகைக்குப் பிடிச்சார், கடைசியா காலியா, லாவோ எண்டு ரெண்டு கப்பல் சொந்தமா வந்தது. பிரிட்டிஷ் கொம்பனி ரிக்கெற்றை ஒரு ரூபா ஆக்கினது, அதுக்கும் சனம் மசியேல்லை எண்டு சும்மா ஏத்தி கையில ஒரு குடையும் குடுத்தது. குடைக்கு ஆசைப்பட்டுப் போனவையும் இருந்திருப்பினம்தானே, அதை ஒருத்தரும் பெருமையா எழுதுறேல்லை.

1908 மாசியில கோரல் மில் எண்ட பஞ்சாலையின்ர வேலைநிறுத்தத்தை முன்னுக்கு நிண்டு நடத்தி வெண்டும் குடுத்தவர், அதோட அரசாங்கத்துக்குப் பொறுக்கேல்லை, மார்ச் 12 பிடிச்சவை, அடுத்த நாள் திருநெல்வேலி பத்தி எரிஞ்சுது. ரெண்டு ஆயுள் தண்டனை தீர்ப்பு, கோயம்புத்தூர் ஜெயிலில செக்கு. பிறகு தண்டனை குறைஞ்சு 1912 கடைசியில வெளியில வரேக்க கொம்பனி கலைஞ்சு போச்சு, ஆருக்கு எதிரா வாங்கின கப்பலோ அவனுக்கே வித்துப் போட்டினம். எனக்கு செக்கை விட இதுதான் கூட வலிக்கிற இடம். ஜெயில் குடுத்தது வெள்ளைக்காரன், கப்பலை வித்தது பங்குக்காரர். 1936ல தூத்துக்குடியிலயே காலமானார்.

1914ல பாம்பன் பாலம் திறந்து ரெயின் தனுஷ்கோடி வரை போச்சு, அங்கால தலைமன்னார், பிறகு மடு றோட், மதவாச்சி, கொழும்பு. போட் மெயில் எண்ட அந்த ரெயின்-கப்பல் சேவை அந்தப் பக்கம் திரும்பினதோட தூத்துக்குடியின்ர பயணிகள் கப்பல் படுத்துது. எங்கட முருங்கனுக்கும் மடு றோட்டுக்கும் ரெயின் சத்தம் கேட்டது தூத்துக்குடிக்கு விழுந்த அடியில. பிறகு 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோச்சு, 80களில போர் மிச்சத்தையும் நிப்பாட்டினது.

ஆழத்துக்கு ஒரு வழி கண்டது 1974ல. பழைய துறைமுகத்துக்குத் தெற்கால கடலுக்க ரெண்டு பக்கமும் நீளத்துக்குக் கல் அணை போட்டு, உள்ளுக்குத் தோண்டி, புதுத் துறைமுகம் கட்டினவை, இயற்கையா வந்தது ஒண்டுமில்லை, முழுக்க மனுசர் கட்டினது. 2011ல அதுக்கு வ.உ.சி. பேரை வச்சவை. ஆனாலும் கொண்டெய்னர் காலம் வந்த உடன பழைய வருத்தம் திரும்பி வந்தது. பெரிய கப்பல் கொழும்புக்கு வரும், தூத்துக்குடிக்கு வராது. திருப்பூர் பனியனும் கரூர் படுக்கை விரிப்பும் சின்னக் கப்பலில ஒரு ராத்திரி ஓடி கொழும்பில வந்து பெரிய கப்பலுக்கு மாறும். கொழும்பு போர்ட்டில கைமாறுற கொண்டெய்னரில பெரும்பகுதி இந்தியாவின்ர, அது குறைஞ்சா கொழும்பு ஆடிப்போகும். இதை மாத்தத்தான் 2005ல சேது சமுத்திரத்தைத் தொடங்கினவை, ராமர் பாலத்தை இடிக்கக் கூடாது எண்டு கோர்ட்டுக்குப் போய் நிண்டுட்டுது. மன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில கடலைத் தோண்டுற வேலையைப் பற்றி மன்னார்ச் சனத்திட்ட ஒருத்தரும் கேக்கேல்லை எண்டது வேற கதை. 2024 செப்டெம்பரில ஆழம் கூடின புதுக் கொண்டெய்னர் முனையம் ஒண்டு அங்க திறந்திருக்கினம், இனி நேரடியாப் பெரிய கப்பல் வரும் எண்டு சொல்லினம், அதை கொழும்புக்காரர் எங்களை விடக் கவனமாப் பாத்துக்கொண்டிருப்பினம்.

உப்பு. குஜராத்துக்கு அடுத்தது இந்தியாவில தூத்துக்குடிதான். தென்மேற்குப் பருவ மழை அங்க எட்டாது, மேற்கால மலை மறிச்சிடும், காஞ்ச காத்து மட்டும் வரும், நிலம் தட்டை. தை மாசி தொடக்கம் புரட்டாசி மட்டும் சீசன். தண்ணியை ஒரு பாத்தியில விட்டு, கொஞ்சம் வத்தினதும் அடுத்த பாத்திக்கு மாத்தி, முதல்ல ஜிப்சம் அடியில படிய விட்டு, பிறகுதான் உப்புப் பூக்கிற பாத்திக்கு விடுறது, உப்பு விழுந்ததும் மிஞ்சிற கசப்புத் தண்ணியை வெளியில விடாட்டி உப்பு கைக்கும். தூத்துக்குடி மாவட்டத்து அகதி முகாமில கன காலம் இருந்து திரும்பி வந்த அண்ணை ஒருத்தர் எங்கட பக்கம் இருக்கிறார், அங்க உப்பளத்திலயும் வேலை செய்தவர். "தம்பி, வேலை விடியப்பறம் தொடங்கும், வெயில் ஏறினா வெள்ளை உப்பில பட்டு கண்ணைத் திறக்கேலாது, காலில வெடிப்பு இருந்தா அதுக்குள்ள தண்ணி போய் ராத்திரி நித்திரை கொள்ளேலாது, பொம்பிளையள்தான் கூட வேலை செய்யிறவை" எண்டு சொல்லுவார். மழைக்காலத்தில வேலையே இல்லை, அதுக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபா நிவாரணம் குடுக்குது. எங்கட ஆனையிறவு உப்பளம் 1990ல போரோட மூடி கன வருசம் அப்பிடியே கிடந்தது, 2025ல இலங்கையில உப்புத் தட்டுப்பாடு வந்து இந்தியாவில இருந்து இறக்கின நேரம், இந்தப் பக்கம் கடலும் வெயிலும் வச்சுக்கொண்டு உப்பு வாங்கிறம் எண்டு கடையில சனம் பேசினது ஞாபகம் இருக்கும்.

துறைமுகம் வந்ததோட உரக் கொம்பனி, அனல் மின்நிலையம், சோடா உப்பு எண்டு வரிசையா வந்தது, அதோட வந்ததுதான் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை. மகாராஷ்டிராவில ரத்னகிரியில சனம் எதிர்த்து வேண்டாம் எண்ட ஆலை, 90களில இஞ்ச வந்தது. தொடக்கத்திலயே மீனவர் எதிர்த்தவை. 2013 மார்ச்சில வாயு கசிஞ்சு சனம் மூச்சுத் திணறி ஓடினது. 2018ல ஆலையைப் பெருப்பிக்கப் போறம் எண்ட உடன குமாரெட்டியாபுரத்துச் சனம் இருந்து தொடங்கின போராட்டம், 100வது நாள் மே 22, கலெக்டர் ஒபிசுக்கு ஊர்வலம், பொலிஸ் சுட்டதில 13 பேர். இஞ்ச நாங்கள் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் முடிச்சு நாலாம் நாள் அந்த வீடியோ போனில வந்தது. வான் வண்டிக்கு மேல ஏறி நிண்டு குறி பாத்துச் சுடுற அந்தப் படத்தை எங்கட ஆக்கள் பாத்த பார்வை வேற. ஆறு நாளில ஆலையை மூடினவை, 2024 பெப்ரவரியில உச்ச நீதிமன்றமும் திறக்கேலாது எண்டு சொல்லிப் போட்டுது. இந்தியா தாமிரம் ஏத்துமதி செய்த நாடாய் இருந்து இறக்குமதி செய்யிற நாடா மாறினது, லொறிக்காரர், ஒப்பந்தக்காரர் கன பேருக்குத் தொழில் போச்சு, அதையும் மறைக்கக் கூடாது. ஆனா தொழில் போச்சு எண்டு எழுதிறவை அந்த 13 வீட்டை ரெண்டாவது வரியிலதான் எழுதினம்.

தீவுகளைப் பற்றியும் சொல்லோணும். தூத்துக்குடி தொடக்கம் பாம்பன் மட்டும் 21 தீவு, 1986ல தேசியப் பூங்கா ஆக்கினவை. பவளப்பாறையை வெட்டி சுண்ணாம்புக்கு வித்ததில ரெண்டு தீவு கடலுக்க போயே போச்சு, வான் தீவு சுருங்கிச் சுருங்கி இப்ப சீமெந்துக் கட்டைகளைக் கடலுக்க இறக்கி காப்பாத்திக்கொண்டிருக்கினம். 2004 சுனாமிக்கு முல்லைத்தீவு அழிஞ்சுது, தூத்துக்குடிக்குப் பெரிசா ஒண்டும் இல்லை, குறுக்க நிண்டு அடி வாங்கினது எங்கட தீவு. தண்ணி அங்க வந்தது வேற பக்கத்தால, 2023 டிசம்பரில காயல்பட்டினத்தில ஒரே நாளில 95 சென்ரிமீற்றர் மழை, ஸ்ரீவைகுண்டத்தில ரெயின் சனத்தோட தண்ணிக்க நிண்டது.

எங்கட மீனவருக்கு இந்தியா எண்டாலே இழுவைப்படகுதான் ஞாபகம், அது நியாயமான கோவம், முல்லைத்தீவிலயும் மன்னாரிலயும் வலை அறுபட்டவனுக்குத்தான் தெரியும். ஆனா தூத்துக்குடி விசைப்படகுகளுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கு, விடிய 5 மணிக்குப் போய் ராத்திரி 9 மணிக்குள்ள திரும்போணும், தங்கி இழுக்கேலாது. அதைச் சட்டமா கொண்டு வரவச்சது அந்த ஊர் நாட்டுப்படகுக்காரர் போட்ட சண்டை. அதுக்காக எல்லாரும் சுத்தம் எண்டு சொல்ல வரேல்லை, தருவைக்குளத்துப் படகுகள் கற்பிட்டிப் பக்கம் பிடிபட்டிருக்கு, 2020ல இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிப்பாட்டின நேரம் மஞ்சள் மூட்டை எல்லாம் அந்தக் கரையில இருந்துதான் ராவோட ராவா வந்தது, பீடி இலை எப்பவும் வரும். 2022ல நாங்கள் பால்மாவுக்கு வரிசையில நிண்ட காலம் தமிழ்நாடு அனுப்பின அரிசி, பால்மா, மருந்துக் கப்பல்களில முதலாவது சென்னையில இருந்து வந்தாலும், அடுத்தது தூத்துக்குடியில இருந்து வந்ததுதான்.

முகாமில இருந்த அந்த அண்ணையிட்ட ஊரைப் பற்றிக் கேட்டா முத்தையும் வ.உ.சி.யையும் சொல்ல மாட்டார், பொரிச்ச பரோட்டாவைச் சொல்லுவார். எண்ணெயில மொறு மொறு எண்டு பொரிச்சு சால்னாவில உடைச்சுப் போட்டுச் சாப்பிடுறது, ராத்திரிக் கடைகளில. மக்ரூன் முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு மூண்டும்தான், கூம்பு மாதிரி வெள்ளையா இருக்கும், வாயில வச்சா கரையும், முந்திரியைக் கொண்டுவந்தது போத்துக்கேயர் எண்டபடியா அவையின்ர பழக்கம் எண்டு சொல்லுவினம்.

போய்ப் பாக்க ஆசையெண்டா நேர் வழி இல்லை. 2011 யூனில கொழும்பு தூத்துக்குடி பயணிகள் கப்பல் ஒண்டு பெரிசா தொடங்கி, ஆக்கள் காணாம அந்த வருசக் கடைசிக்குள்ளயே நிண்டுட்டுது. இப்ப காங்கேசன்துறையில இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் இருக்கு, கடல் பாத்துத்தான் ஓடும், இல்லாட்டி பலாலியில இருந்து திருச்சிக்கு விமானம், அங்க இறங்கி மதுரை தாண்டி பஸ்ஸோ ரெயினோ பிடிக்கோணும். தூத்துக்குடி விமான நிலையத்தில 2025 யூலையில புது முனையம் திறந்திருக்கினம், ஆனா இஞ்சால பக்கம் வாற விமானம் ஒண்டும் இல்லை.